சிறு கணனியும் மின்வலுச் சிக்கனமும்

கணனி ஒன்றைப் பற்றிப் பேச்செழுந்தால், அது எவ்வளவு விரைவாக வேலை செய்யும் என்றே பலரும் முதலில் வினவுகின்றனர். அதன் நினைவகம் எத்துணைப் பெரிது என்பது அடுத்த வினா. விலை யாது என்பது மூன்றாவது வினா. அது எவ்வளவு மின்சாரத்தை உண்ணும் என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும் இன்று உலகில் இயங்கும் கணனிகளுட் பெரும்பாலானவை மேசைமேல் இருப்பவை அல்ல. அவை கைத்தொலைபேசியினுள்ளும், சலவைப் பொறியினுள்ளும், மோட்டார் வண்டியினுள்ளும், மருத்துவர் கையாளும் கருவிகளினுள்ளும் ஒளிந்திருக்கின்றன. அவ்வாறு அவை சிறுத்தும் மலிந்தும் எங்கும் பரவுவதற்குக் காரணமாயிருந்தது, எவரும் கேட்காத அந்த நான்காவது வினாவிற்குக் கிடைத்த விடையே. குறைந்த மின்வலுவில் இயங்கும் நுண்செயலி எவ்வாறு தோன்றியது, அது ஏன் மலிவான கணனிக்கு அடிப்படையாயிற்று, நமது பாடசாலைகளுக்கு அதனால் என்ன பயன் என்பனவற்றை இப்பேச்சில் ஆராய்வோம்.

முதலில் நுண்செயலி என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். நகத்தளவான சிலிக்கன் தகடு ஒன்றின்மீது ஆயிரக்கணக்கான, இக்காலத்தில் கோடிக்கணக்கான, திரான்சிற்றர்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு திரான்சிற்றரும் ஓர் ஆளி போன்றது. வீட்டு விளக்கின் ஆளியை நாம் விரலால் அழுத்துகிறோம். இந்த ஆளியையோ இன்னொரு திரான்சிற்றரிலிருந்து வரும் மின்னழுத்தமே திறக்கவும் மூடவும் செய்கிறது. இத்தகைய ஆளிகளை முறைப்படி இணைத்தால் இரண்டு எண்களைக் கூட்டலாம், ஒன்றோடொன்று ஒப்பிடலாம், விடையைப் பொறுத்து அடுத்த வேலையைத் தெரிவு செய்யலாம். கணனி செய்யும் எல்லாக் காரியங்களும் இவ்வளவே. படமும் பாட்டும் கடிதமும் கணக்கும் இச்சிறு செயல்களின் நீண்ட தொடர்களாகவே நிகழ்கின்றன. இச்செயல்கள் யாவும் ஒரே தாளத்தில் நடைபெறுதற்காக உள்ளே ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு. ஒரு செக்கனில் அத்துடிப்பு எத்தனை முறை நிகழ்கிறதோ அதுவே அச்செயலியின் மீடிறன்.

இனி, மின்சாரம் எங்கே செலவாகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு திரான்சிற்றரையும் அதனோடு இணைந்த கம்பியையும் மிகச் சிறிய பாத்திரங்களாக எண்ணுக. ஆளி ஒரு நிலையிலிருந்து மற்ற நிலைக்கு மாறும்போதெல்லாம் அப்பாத்திரத்தில் மின்னேற்றம் நிரம்புகிறது அல்லது வெளியேறுகிறது. நிரப்பி வெளியேற்றிய மின்னேற்றத்தின் சக்தி வெப்பமாக மாறி வீணாகிறது. ஒரு மாற்றத்தில் வீணாகும் சக்தி அற்பமே. ஆனால் அத்தகைய மாற்றங்கள் செக்கனுக்குக் கோடிக்கணக்கில் நிகழ்கின்றன. ஆகவே செலவு மூன்று காரணங்களைப் பொறுத்தது. பாத்திரங்களின் எண்ணிக்கையும் பருமனும் ஒன்று. எத்தனை முறை நிரப்பப்படுகின்றன என்பது மற்றொன்று. எவ்வளவு மின்னழுத்தத்திற்கு நிரப்பப்படுகின்றன என்பது மூன்றாவது.

இம்மூன்றனுள் மின்னழுத்தத்திற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. திரான்சிற்றர்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் செலவும் பாதியாகும். மீடிறனைப் பாதியாக்கினாலும் அவ்வாறே. ஆனால் மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு நாலிலொன்றாகக் குறைந்துவிடும். ஏனெனில் செலவானது மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆரம்பகால நுண்செயலிகள் 5 வோல்ற்றில் இயங்கின. இன்றுள்ளவற்றின் உட்பகுதி ஏறத்தாழ 1 வோல்ற்றில் இயங்குகின்றது. மற்றவை மாறாதிருப்பின் இக்குறைவினால் மட்டும் ஒரு மாற்றத்திற்கான செலவு இருபத்தைந்தில் ஒன்றாகிவிட்டது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. மின்னழுத்தத்தை மிகவும் குறைத்தால் ஆளி முழுவதும் மூடாது. சரியாக மூடாத நீர்க்குழாயில் துளிதுளியாக நீர் வடிவது போன்று, வேலை செய்யாதிருக்கும் வேளையிலும் மின்சாரம் கசியத் தொடங்கும். இக்கசிவை அடக்குவதே இக்காலப் பொறியியலாளரின் பெருங்கவலைகளுள் ஒன்று.

மின்செலவு கூடினால் கட்டணம் மட்டுமே கூடும் என்று எண்ணுதல் தவறு. செலவாகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகின்றது. வெப்பத்தை அகற்ற உலோகத் துடுப்புகள் வேண்டும். அவை போதாவிடின் காற்றாடி வேண்டும். காற்றாடிக்குப் பெரிய பெட்டி வேண்டும். இவற்றுக்கெல்லாம் மின்னளிக்கப் பெரிய வலுவழங்கி வேண்டும். செயலியை மூடும் உறைகூட மாறுபடும். குறைந்த வெப்பத்திற்கு மலிவான பிளாஸ்ரிக் உறை போதும். வெப்பம் மிகுந்தால் விலைகூடிய பீங்கான் உறை வேண்டும். இங்ஙனம் ஒரு வற்று மின்வலு கூடுந்தோறும் பொறியின் விலை பல வழிகளாலும் ஏறுகின்றது. மலிவும் மின்சிக்கனமும் உடன்பிறந்தவை என்பதை இதனால் அறியலாம். வரலாறும் இதனையே காட்டுகின்றது.

1975 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே மொஸ் ரெக்னோலஜி என்னும் கம்பனி 6502 என்ற நுண்செயலியை வெளியிட்டது. அதன் விலை 25 டொலர். அதனோடு ஒப்பிடத்தக்க பிற செயலிகள் அப்போது அதனினும் பலமடங்கு விலைக்கு விற்கப்பட்டன. சக் பெடல் என்பவரும் அவருடைய குழுவினரும் ஏறக்குறைய 3,500 திரான்சிற்றர்களை மட்டும் கொண்டு அதனை அமைத்திருந்தனர். சான் பிரான்சிஸ்கோ நகரிலே நடைபெற்ற ஒரு கண்காட்சியின்போது அச்செயலிகளைக் கண்ணாடி ஜாடிகளில் நிரப்பி வைத்து விற்றார்கள். வாங்கிச் சென்றவர்களுள் ஸ்டீவ் வொஸ்னியாக் என்னும் இளைஞரும் ஒருவர். அப்பிள் கம்பனியின் முதற் கணனி அச்செயலியைக் கொண்டே உருவாயிற்று. தனி மனிதன் ஒருவன் தன் வீட்டிற்கு ஒரு கணனியை வாங்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் நனவாகத் தொடங்கியது.

கதையின் அடுத்த பகுதி இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் நிகழ்கிறது. அதில் ஓர் ஒலிபரப்பு நிறுவனத்திற்கும் பங்குண்டு. 1980 ஆம் ஆண்டளவில், கணனி அறிவைப் பொதுமக்களிடையே பரப்புதல் தன் கடமை எனப் பி.பி.சி. கருதியது. தொலைக்காட்சியில் பாடங்களை நடத்துவதோடு, அவற்றைப் பின்பற்றுவோர் வீட்டிலே பழகுவதற்குத் தக்க கணனியொன்றும் வேண்டுமென அது தீர்மானித்தது. கேம்பிரிட்ஜில் ஹேர்மன் ஹவுசர், கிறிஸ் கரி என்னும் இருவர் 1978 ஆம் ஆண்டில் தொடங்கிய ஏக்கோர்ன் என்னும் சிறு கம்பனி இப்பணியைப் பெற முனைந்தது. பி.பி.சி. அலுவலர்கள் பார்வையிட வருவதற்கு ஒரு வாரமே இருந்தது. சோபி வில்சன், ஸ்டீவ் பேர்பர் முதலிய இளம் பொறியியலாளர்கள் அந்த ஒரு வாரத்திற்குள் மாதிரிப் பொறி ஒன்றைக் கட்டி இயங்கச் செய்தனர். 6502 செயலியைக் கொண்ட அக்கணனி 1981 டிசம்பரில் வெளிவந்தது. பன்னீராயிரம் விற்பனையானாலே போதும் என எண்ணியிருந்தார்கள். ஈற்றில் 15 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின. பிரித்தானியாவின் பெரும்பாலான பாடசாலைகளில் அது இடம்பிடித்தது.

ஆனால் அச்செயலியின் காலம் விரைவில் முடியும் என்பதை ஏக்கோர்ன் உணர்ந்தது. அடுத்த கணனிக்குரிய செயலியைத் தேடிப் பெருங்கம்பனிகளின் பொருள்களை ஆராய்ந்தபோது எதுவும் அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. சில விலைகூடியவை, சில நினைவகத்தின் வேகத்தைச் சரிவரப் பயன்படுத்தாதவை. இந்நிலையில் கலிபோர்ணியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வுக்கட்டுரைகள் அவர்கள் கையிற் கிடைத்தன.

அக்கட்டுரைகள் கூறிய கருத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். அக்காலத்தில் செயலிகளை அமைப்போர், ஒரே கட்டளையில் பல வேலைகளைச் செய்யும் சிக்கலான கட்டளைகளை ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே போயினர். ஆனால் உண்மையில் இயங்கும் நிரல்களை ஆராய்ந்தபோது, எளிய சில கட்டளைகளே திரும்பத் திரும்பப் பயன்படுவது தெரியவந்தது. ஐ.பி.எம். கம்பனியில் ஜோன் கொக் என்பவர் 1970 களிலே இதனைக் கண்டார். பேர்க்லியில் டேவிட் பற்றர்சனும் ஸ்டான்போர்டில் ஜோன் ஹென்னசியும் 1980 களின் தொடக்கத்தில் இதனை ஒரு கொள்கையாகவே நிறுவினர். ஒரு தச்சரை எடுத்துக்கொள்வோம். அவர் பெட்டியில் இருநூறு வகைக் கருவிகள் இருந்தாலும், நாள் முழுதும் அவர் கை நாடுவது உளியையும் வாளையும் சுத்தியலையும் இழைப்புளியையுமே. ஏனையவற்றைச் சுமந்து திரிவது வீண் சுமை. எளிய கட்டளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றை மிக விரைவாகச் செய்யுமாறு செயலியை அமைத்தால், மொத்த வேலையும் விரைவாகும், திரான்சிற்றர்களும் குறையும். பற்றர்சனுக்கும் ஹென்னசிக்கும் இதற்காக 2017 ஆம் ஆண்டுக்குரிய தூரிங் விருது வழங்கப்பட்டது.

கருத்து நல்லதாயினும், பெருங்கம்பனிகள் நூற்றுக்கணக்கான பொறியியலாளரை அமர்த்திச் செய்யும் காரியத்தை ஒரு சிறு கம்பனி செய்ய இயலுமா என்ற ஐயம் இருந்தது. 1983 ஆம் ஆண்டில் வில்சனும் பேர்பரும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திற்குச் சென்றனர். 6502 செயலியின் வழித்தோன்றல் ஒன்றை அங்கு ஒரு கம்பனி அமைத்துக்கொண்டிருந்தது. பெரிய கட்டடங்களையும் விலையுயர்ந்த சாதனங்களையும் எதிர்பார்த்துப் போனவர்கள், புறநகர் வீடொன்றிலே சிலர் அமர்ந்து அவ்வேலையைச் செய்வதைக் கண்டனர். இவர்களால் முடியுமெனில் நம்மாலும் முடியும் என்ற துணிவுடன் திரும்பினர். வில்சன் கட்டளைத் தொகுதியை வகுத்தார். பேர்பர் உள்ளமைப்பை வகுத்தார். பெருங்கம்பனிகள் தங்கள் பொறியியலாளருக்கு ஒருபோதும் கொடுக்காத இரண்டு நன்மைகளைத் தாம் இவர்களுக்குக் கொடுத்ததாக ஹவுசர் பின்னாளில் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு. ஆட்கள் இன்மை ஒன்று. பணம் இன்மை மற்றொன்று.

அந்த நகைச்சுவையில் ஆழ்ந்த உண்மை உண்டு. ஆளும் பணமும் இல்லாதபடியால் செயலியை எளிமையாகவே அமைக்க வேண்டியிருந்தது. விலை குறைந்த பிளாஸ்ரிக் உறையிலே அதனை அடைக்க வேண்டும் என்பதால், மின்வலு ஒரு வற்றுக்குள் அடங்க வேண்டியிருந்தது. அக்காலத்து வடிவமைப்புக் கருவிகளைக் கொண்டு ஒரு செயலி ஈற்றில் எவ்வளவு மின்சாரத்தை உண்ணும் என முன்கூட்டியே துல்லியமாகக் கணிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் எச்சரிக்கையாகச் சிக்கனம் பிடித்தனர். 25,000 திரான்சிற்றர்கள் மட்டுமே அதில் இடம்பெற்றன. அதே 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் 80386 செயலியில் 275,000 திரான்சிற்றர்கள் இருந்தன என்பதை இங்கு ஒப்புநோக்குதல் தகும்.

1985 ஏப்ரல் 26 ஆம் நாள் அச்செயலி தொழிற்சாலையிலிருந்து வந்து சேர்ந்தது. 'ஆர்ம்' என்று பெயரிடப்பட்டிருந்த அது, பலகையிற் பொருத்தியவுடனேயே பிழையின்றி இயங்கிற்று. பின்னர் பேர்பர் அதன் மின்செலவை அளக்க விரும்பி, மின்னளிக்கும் வழியில் ஓர் அம்பியர்மானியை இணைத்தார். மானி பூச்சியத்தைக் காட்டியது. செயலியோ தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மின்சாரமே இல்லாமல் ஒரு பொறி எங்ஙனம் இயங்கும்? ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. பலகையில் இருந்த ஒரு குறையினால் செயலிக்கு மின்னளிக்கும் இணைப்பே இல்லாதிருந்தது. பிற உறுப்புகளிலிருந்து செய்தி கொண்டுவரும் கம்பிகள் வழியாக, செயலியின் ஓரத்திலுள்ள பாதுகாப்பு இருவாயிகளூடே கசிந்துவந்த அற்ப மின்சாரத்தைக் கொண்டே அது இயங்கியிருக்கின்றது. முறையாக இணைத்து அளந்தபோது அதன் செலவு ஏறத்தாழ ஒரு வற்றின் பத்திலொரு பங்காக இருந்தது. ஒரு வற்றுக்குள் அடங்கினாற் போதும் என்று முயன்றவர்களுக்குப் பத்து மடங்கு சிக்கனம் பரிசாகக் கிடைத்தது.

அந்நாளில் அச்சிக்கனத்தின் பயனை எவரும் முழுவதும் உணர்ந்திலர். 1987 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்க்கிமிடீஸ் என்னும் மேசைக்கணனியில் அச்செயலியின் அடுத்த வடிவம் அமைந்தது. மேசைமேல் இருக்கும் கணனி சுவரிலுள்ள மின்குதையிலிருந்து வேண்டிய அளவு மின்சாரத்தைப் பெறலாம். ஆகவே சிக்கனம் அங்கு பெரிதாகப் பேசப்படவில்லை. கையிலே எடுத்துச் செல்லும் கணனி ஒன்றை அமைக்க அப்பிள் கம்பனி முற்பட்டபோதுதான் அதன் அருமை தெரிந்தது. 1990 நவம்பரில் ஏக்கோர்ன், அப்பிள், வீ.எல்.எஸ்.ஐ. ஆகிய மூன்று கம்பனிகளும் சேர்ந்து ஆர்ம் செயலிகளுக்கெனத் தனிக்கம்பனியை நிறுவின. பன்னிரண்டு பொறியியலாளருடன், கேம்பிரிட்ஜுக்கு அண்மையில் ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தில் அது தொடங்கியது. 1993 ஆம் ஆண்டில் வந்த அப்பிளின் நியூட்டன் கைக்கணனி வணிகத்தில் வெற்றி பெறவில்லை. ஆனால் மின்கலத்தில் இயங்கும் கருவிக்கு எத்தகைய செயலி வேண்டும் என்பதை அது உலகுக்குக் காட்டிற்று.

அப்புதிய கம்பனி செயலிகளைத் தானே உற்பத்தி செய்து விற்கவில்லை. வரைபடத்தை அனுமதிக் கட்டணத்துக்குக் கொடுத்து, உற்பத்தியாகும் ஒவ்வொரு செயலிக்கும் சிறு உரிமைத்தொகை பெற்றது. ஆகவே ஒரே வரைபடத்தைப் பல நாட்டுக் கம்பனிகளும் தத்தம் தேவைக்கேற்பப் பயன்படுத்தின. கைத்தொலைபேசியில் நினைவகத்திற்கும் விலையுண்டாதலால், கட்டளைகளை அரைப்பங்கு நீளத்தில் எழுதும் முறையொன்றையும் ஆர்ம் வகுத்தது. அதனால் நிரல்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சுருங்கின. 1997 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நொக்கியா 6110 தொலைபேசி இவ்வகைச் செயலியைக் கொண்டு பெருவெற்றி பெற்றது. அதன்பின் தொலைபேசிகள் பெருகப் பெருகச் செயலிகளும் பெருகின. 2021 ஆம் ஆண்டளவில் இவ்வகைச் செயலிகள் 20,000 கோடிக்கு மேல் உற்பத்தியாகியிருந்தன.

கோடிக்கணக்கில் உற்பத்தியாகும் பொருளின் விலை இறங்குதல் இயல்பு. தொலைபேசிக்காகவும் தொலைக்காட்சிப் பெட்டிக்காகவும் ஆக்கப்பட்ட செயலிகள் சில டொலருக்குக் கிடைக்கலாயின. இவ்வாய்ப்பை ஒரு கல்விப் பணிக்குப் பயன்படுத்தியவர்களும் கேம்பிரிட்ஜ் நகரத்தாரே. எபன் அப்டன் என்பவர் அங்கு பல்கலைக்கழக மாணவருக்குக் கணனியியற் படிப்பை நெறிப்படுத்தி வந்தார். அப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர் தொகை ஆண்டுதோறும் குறைவதையும், வருபவர்களின் செய்முறைப் பழக்கம் அருகி வருவதையும் அவரும் அவருடைய தோழர்களும் கவனித்தனர். முன்னைய தலைமுறைச் சிறுவர்கள் பி.பி.சி. கணனியைத் தாமே நிரற்படுத்திப் பழகியவர்கள். பின்வந்தோர் வீட்டில் இருந்ததோ தந்தை அலுவலுக்குப் பயன்படுத்தும் விலைகூடிய பொறி. பழுதாகிவிடும் என்ற அச்சத்தால் அதனைத் தொடவே பிள்ளைகளை விடுவதில்லை. பிள்ளை அஞ்சாது திறந்து பார்க்கவும், குழப்பவும், மீண்டும் சரிசெய்யவும் தக்க மலிவான கணனி வேண்டும் என அவர்கள் எண்ணினர்.

2012 பெப்ரவரி 29 ஆம் நாள் ராஸ்பெரி பை என்னும் கணனி 35 டொலர் விலையில் வெளிவந்தது. வங்கி அட்டை ஒன்றின் பருமனுள்ள பலகை அது. 700 மெகாஹேர்ட்ஸ் மீடிறனுடைய ஆர்ம் செயலியும் 256 மெகாபைற் நினைவகமும் அதில் இருந்தன. 5 வோல்ற்றில் 700 மில்லியம்பியர் மின்னோட்டம், அதாவது மூன்றரை வற்று, அதற்குப் போதுமாயிருந்தது. தொலைபேசிக்கு மின்னேற்றும் சாதனத்தையே அதற்கும் பயன்படுத்தலாம். காற்றாடி இல்லை, உலோகத் துடுப்பும் இல்லை. பத்தாயிரம் செய்தால் விற்றுவிடலாமா என்று தயங்கியவர்களுக்கு முதல் நாளிலேயே ஓர் இலட்சம் கோரிக்கைகள் வந்தன. 2015 நவம்பரில் 5 டொலர் விலையில் இன்னும் சிறியதொரு பலகை வந்தது. அது ஒரு சஞ்சிகையின் அட்டையோடு இணைத்து வாசகர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டில் பி.பி.சி. மீண்டும் இத்துறையில் இறங்கிற்று. மைக்ரோபிட் என்னும் சிறு பலகையைப் பிரித்தானியாவில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பிள்ளைகளுக்கு வழங்க ஏற்பாடு செய்தது. அது இரண்டு சிறிய மின்கலங்களைக் கொண்டே இயங்குவது.

மின்கலம் இரண்டில் ஒரு கணனி நெடுநேரம் இயங்குவதற்கு எளிய அமைப்பு மட்டும் போதாது. ஓய்வெடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வயலின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றைக் கருதுவோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கணப்பொழுது அளந்தால் அதற்குப் போதும். எஞ்சிய நேரமெல்லாம் அதன் செயலி கடிகாரத் துடிப்பை நிறுத்தி உறங்கலாம். பெரிய செயலிகளிலும், வேலையில்லாத பகுதிகளுக்குத் துடிப்பை நிறுத்துதல், மின்சாரத்தையே துண்டித்தல், வேலை குறைந்த வேளையில் மீடிறனையும் மின்னழுத்தத்தையும் ஒருங்கே தாழ்த்துதல் என்னும் உபாயங்கள் கையாளப்படுகின்றன. கைத்தொலைபேசிகளில் வலிய செயலிகளையும் சிக்கனமான செயலிகளையும் ஒரே தகட்டில் வைத்து, வேலையின் பாரத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளும் முறையை ஆர்ம் 2011 ஆம் ஆண்டில் அறிவித்தது. பார வண்டியும் துவிச்சக்கர வண்டியும் ஒரே வீட்டில் இருப்பது போன்றது இது. கடிதம் ஒன்றைத் தபாலிடப் பார வண்டியை எடுப்பார் இலர்.

இங்கு வலுவையும் சக்தியையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். வலு என்பது சக்தி செலவாகும் வேகம். 4 வற்றுச் செயலி ஒரு வேலையைப் பத்துச் செக்கனில் முடித்தால் செலவாகும் சக்தி 40 யூல். 2 வற்றுச் செயலி அதே வேலைக்கு முப்பது செக்கன் எடுத்தால் செலவு 60 யூல். குறைந்த வலுவுடையது இங்கு கூடிய சக்தியை உண்டுவிட்டது. விரைந்து முடித்து உறங்குவது சில வேலைகளுக்கு நன்று; மெதுவாகச் செய்துகொண்டேயிருப்பது சிலவற்றுக்கு நன்று. ஆதலால் பெட்டியின்மேல் எழுதியிருக்கும் வற்றளவை மட்டும் பார்த்து முடிவு செய்தல் ஆகாது.

இனி, இவ்விடயம் நம்மைத் தொடும் இடத்துக்கு வருவோம். பாடசாலையொன்றில் இருபது கணனிகள் உள்ளதாக வைத்துக்கொள்வோம். பெட்டி 100 வற்றும் திரை 20 வற்றும் உண்ணுமாயின், அறை முழுவதற்கும் 2,400 வற்று வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் இயங்கினால் 12 அலகு மின்சாரம் செலவாகும். பெட்டிக்குப் பதிலாக 5 வற்றுச் சிறு கணனியை வைத்து அதே திரையைப் பயன்படுத்தினால் 500 வற்றுப் போதும். செலவு இரண்டரை அலகு. இருநூறு பாடசாலை நாள்களுக்குக் கணக்கிட்டால் 2,400 அலகுக்கும் 500 அலகுக்குமுள்ள வேறுபாடாக அது பெருகும். மேலும், சிறு கணனி அமைந்த அறையில் மிகுதியான செலவு திரையினுடையதே என்பதையும் இக்கணக்குக் காட்டுகின்றது. அங்கு சிக்கனம் பிடிக்க விரும்புவோர் அடுத்துப் பார்க்கவேண்டியது திரையையே.

கட்டணம் ஒருபுறமிருக்க, மின்சாரமே இல்லாத வேளை மற்றொருபுறம். 2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திருக்க மாட்டார். அக்காலத்திற் கணனி அறைகள் பூட்டிக் கிடந்தன. 12 வோல்ற்று, 7 அம்பியர்மணி அளவுள்ள சிறிய ஈயமின்கலம் ஒன்றிலிருந்து, அதனைக் கெடுக்காமல், ஏறத்தாழ 40 வற்றுமணிச் சக்தியைப் பெறலாம். 120 வற்றுப் பொறியை அது இருபது நிமிடமே தாங்கும். சிறு கணனியையும் திரையையும் ஒன்றரை மணித்தியாலம் தாங்கும். அஃதாவது, இரண்டு பாடவேளைகளை முழுதாக நடத்தலாம். கூரைமேற் சூரியத்தகடு சில அமைந்த கிராமப் பாடசாலைக்கு இது பாடம் நடக்குமா நடக்காதா என்ற வேறுபாடாகும்.

எனினும் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி முடித்தல் முறையன்று. சிறு கணனிகளிற் பல நிரல்கள் மெதுவாகவே இயங்கும். மேசைக்கணனிக்கென எழுதப்பட்ட சில நிரல்கள் இயங்கவே மாட்டா. மலிவு என்பதும் நிலையான வாக்குறுதி அன்று. உலகளாவிய செயலித் தட்டுப்பாட்டினால் 2021 ஒக்டோபரில் ராஸ்பெரி பையின் ஒருவகைக்கு முதன்முறையாக விலை உயர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டிற் பலருக்கு அது கிடைப்பதே அரிதாயிற்று. வேகத்தை நாடும்போது பசியும் வளர்கின்றது. மூன்றரை வற்றில் தொடங்கிய அதே வரிசையில் 2023 ஆம் ஆண்டில் வந்த ஐந்தாவது வகைக்கு 27 வற்று வலுவழங்கி பரிந்துரைக்கப்பட்டது. கடும் வேலைக்குக் காற்றாடியும் வேண்டியதாயிற்று. ஆகவே வாங்குபவர் பெயரைப் பார்த்து வாங்காது, தமக்கு வேண்டிய வேலைக்கு எந்த வகை போதும் என்று பார்த்து வாங்குதல் அவசியம்.

இவற்றினும் பெரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. 2005 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கொலஸ் நெக்ரொபொன்டே, ஏழை நாட்டுப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 100 டொலர் மடிக்கணனி என்னும் திட்டத்தை அறிவித்தார். பெரு நாடு அவற்றை இலட்சக்கணக்கில் வாங்கிப் பாடசாலைகளுக்கு வழங்கியது. 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, கணிதத்திலோ மொழியிலோ அப்பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்று கண்டது. பொறி நல்லதே. ஆனால் அதனைக் கொண்டு என்ன கற்பிப்பது என்று ஆசிரியர் பயிற்றப்படவில்லையெனில், பொறி பொறியாகவே இருந்துவிடும். பி.பி.சி. 1980 களில் பெற்ற வெற்றிக்குக் காரணம் கணனி மட்டுமன்று. அதனோடு நிகழ்ச்சிகளும் கைந்நூல்களும் பயிற்சிகளும் சேர்ந்து சென்றன. மின்சாரத்தில் மிச்சம்பிடித்த பணத்தின் ஒரு பகுதியையேனும் ஆசிரியப் பயிற்சிக்குச் செலவிடும் நிருவாகமே இச்சிக்கனத்தின் முழுப்பயனையும் பெறும்.

இறுதியாக, இத்துறையில் மற்றொரு கதவும் திறந்துள்ளது. 2010 ஆம் ஆண்டில் அதே பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிஸ்க்-ஐந்து என்னும் புதிய கட்டளைத் தொகுதி தொடங்கப்பட்டது. அதனைப் பயன்படுத்த எவருக்கும் உரிமைத்தொகை செலுத்த வேண்டியதில்லை. எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும், எந்தச் சிறு கம்பனியும் அதற்கிணங்கத் தன் செயலியை வகுக்கலாம். 1983 ஆம் ஆண்டில் புறநகர் வீடொன்றைக் கண்டு துணிவுபெற்ற இருவரின் வழியில், சிறிய நாடுகளின் மாணவரும் செல்வதற்கு இது இடமளிக்கின்றது.

கணனியொன்றை வாங்க முற்படும் பெற்றோரும் அதிபர்களும் கடைக்காரரிடம் வேகத்தையும் விலையையும் கேட்பதோடு நிறுத்தலாகாது. இதனால் நான் செய்ய விரும்பும் வேலை யாது? அதற்கு இது போதுமா? எத்தனை வற்று உண்ணும்? மின்சாரம் நின்றால் எதனைக் கொண்டு இயக்கலாம்? பழுதானால் யார் திருத்துவார்? இதனைக் கற்பிக்கப் போகிறவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை கண்டபின் பணத்தைக் கொடுப்பதே அறிவுடைமை. கேம்பிரிட்ஜின் பொறியியலாளரிடம் பணமில்லாதபடியால் பிறந்த சிக்கனம், இன்று பணமில்லாத பாடசாலைக்குத் துணையாக வந்து நிற்கின்றது. அத்துணையைத் தெரிந்து கொள்வதும் பயன்படுத்துவதும் நம் பொறுப்பாகும்.